மின்னொளி நகரில் கடதாசி விளக்குகள்

2025 ஆம் ஆண்டு பெப்புருவரி 11 ஆம் திகதி எமது முருகன் ஆலயங்களிலே தைப்பூசம் கொண்டாடப்பட்டது. அதற்கு அடுத்த நாள், நவம் போயா தினமென்று இலங்கை முழுவதும் விடுமுறை கொண்டாடிய அதே பௌர்ணமி இரவில், சீன நாட்டின் நகரங்களெங்கும் விளக்குத் திருவிழா நடைபெற்றது. இவை அருகருகே வந்தமை தற்செயலன்று. நாம் விழா நாட்களைத் திங்களைப் பார்த்துக் கணிப்பது போலவே சீனரும் கணிக்கின்றனர். அவர்களுடைய புத்தாண்டு ஓர் அமாவாசையிற் பிறக்கின்றது. பதினைந்தாம் நாள் அந்த ஆண்டின் முதற் பௌர்ணமி. ஆகவே அவர்களுடைய விளக்குத் திருவிழா சில ஆண்டுகளில் எமது தைப் பூரணையுடனும், சில ஆண்டுகளில் மாசிப் பூரணையுடனும் சேர்ந்து வரும். அதனை அவர்கள் ‘யுவான் சியாவ்’ என்பர். முதல் இரவு என்பது அதன் பொருள்.

இவ்விழாவைக் காண்பதற்குச் சீனாவில் எத்தனையோ நகரங்கள் உள. எனினும், இக்கட்டுரைக்கு நாம் தெரிந்துகொண்ட நகரம் நாஞ்சிங். முன்னாளில் எமது பத்திரிகைகள் ‘நான்கிங்’ என்று எழுதிவந்த அதே நகரமே அது. 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 93 இலட்சம் மக்கள் வாழும் மாநகரம். வானளாவும் மாளிகைகளும் நிலத்தடிப் புகையிரதப் பாதைகளும் மலிந்த இடம். அதன் தென்பகுதியிலே சின்ஹுவாய் என்னும் சிற்றாறு வளைந்து வளைந்து ஓடுகின்றது. ஆற்றங்கரையில் கன்பூஷியஸ் ஆலயம். எதிர்க்கரையில் 110 மீற்றர் நீளமுள்ள ஒரு செந்நிற மதில். புத்தாண்டு பிறந்தால் அம்மதிலிலே இரு நாகங்கள் ஒளிரும். ஆற்றிலே விளக்கு ஓடங்கள் செல்லும். வீதிகளிலே காலடி வைக்க இடமிராது. புத்தாண்டுக்கு இவ்வாலயத்தடிக்கு வந்து விளக்குப் பார்க்காதவன் புத்தாண்டே கொண்டாடாதவன் என்றும், வந்தும் ஒரு விளக்கை வாங்காமற் போனவன் அதனை நன்றாகக் கொண்டாடாதவன் என்றும் நாஞ்சிங் மக்கள் சொல்லுவர்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. மின்சாரம் இல்லாத காலத்தில் மக்கள் விளக்குகளைக் காண அலைமோதினர் என்றால் அது விளங்கக் கூடியதே. ஆனால், இரவென்றும் பகலென்றும் வேறுபாடு தெரியாமல் ஒளி வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கும் ஒரு நகரத்தில், மெல்லிய கடதாசிக்குள்ளே மினுங்கும் ஒரு சிறு விளக்கைப் பார்ப்பதற்கு இலட்சக்கணக்கானோர் குளிரில் நடுங்கிக்கொண்டு ஏன் வருகின்றனர்?

இதற்கு விடை காண நாம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

முரசு ஒலியாத மூன்று இரவுகள்

இவ்விழா எப்படித் தோன்றியது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. ஹான் வம்சத்து மன்னர் விண்ணகத் தெய்வமொன்றுக்கு இரவு முழுவதும் விளக்கேற்றி வழிபட்டதை ஒரு சாரார் கூறுவர். புத்தர் பெருமானுக்கு விளக்கேற்றும் வழக்கம் இந்தியாவிலிருந்து வந்து பரவியதை மறு சாரார் கூறுவர். இரண்டும் கலந்திருத்தல் கூடும். எமக்கு இங்கே வேண்டியது தோற்றம் அன்று. தாங் வம்சத்துக் காலத்தில் அது பெற்ற வடிவமே.

அக்காலத் தலைநகரமான சாங்கான் உலகின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்றாக விளங்கியது. ஆயினும், பொழுது சாய்ந்தால் அது ஒரு சிறைச்சாலை. நகரம் மதில் சூழ்ந்த பல வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மாலையில் முரசு அறைந்ததும் ஒவ்வொரு வட்டாரத்தின் கதவும் அடைபடும். அதன் பின்னர் தக்க காரணமின்றி வீதியில் நடமாடியவனுக்குச் சட்டப்படி இருபது அடி. ஆண்டு முழுவதும் இதுவே நியதி. முதற் பௌர்ணமியை ஒட்டிய மூன்று இரவுகளில் மட்டும் கதவுகள் திறந்து கிடந்தன. செல்வரும் வறியரும், முதியோரும் சிறாரும், இல்லத்தை விட்டு வெளியேறாத பெண்களும் அன்று வீதிக்கு வந்தனர். கி.பி. 713 ஆம் ஆண்டு விழாவில் ஏறக்குறைய 200 அடி உயரமான ஒரு சக்கரத்தை நிறுத்தி, அதிலே ஐம்பதினாயிரம் விளக்குகளை ஏற்றினர் என்று அக்காலத்து ஆசிரியர் ஒருவர் எழுதி வைத்துள்ளார். எண்ணிக்கையிற் சிறிது மிகை இருக்கலாம். ஆனால், அந்த மூன்று இரவுகளின் மகிழ்ச்சியில் மிகை இருந்திராது.

ஆகவே, விளக்கு என்பது விழாவின் ஒரு பாதியே. பூட்டிய கதவு திறந்ததே மறு பாதி. இதனை அழகாக விளக்குவது சூமா குவாங் என்னும் பேரறிஞரைப் பற்றி வழங்கும் ஒரு வேடிக்கைக் கதை. கி.பி. 1019 முதல் 1086 வரை வாழ்ந்த அவர் சீனாவின் தலைசிறந்த வரலாற்றாசிரியர்களுள் ஒருவர். கண்டிப்பும் சிக்கனமும் மிக்கவர். விழா இரவில் அவருடைய மனைவியார் அலங்காரம் செய்துகொண்டு விளக்குப் பார்க்கப் புறப்பட்டாராம். வீட்டிலேயே விளக்கு எரிகின்றதே, வெளியே போவானேன் என்று கேட்டார் அறிஞர். விளக்கை மட்டுமன்று, வீதியில் உலாவும் மனிதரையும் பார்க்கவேண்டும் என்றார் மனைவியார். அப்படியானால் இங்கே இருக்கும் நான் மனிதனல்லனோ, பேயோ என்றாராம் அவர். மனைவியார் அன்று போனாரா, இருந்தாரா என்பதைக் கதை சொல்லவில்லை. போயிருப்பார் என்றே நாம் நம்புகின்றோம்.

கல்லில் உறைந்த ஓர் ஆண்டு

நாஞ்சிங் நகரின் விளக்கு விழாவுக்குப் பெருஞ் சிறப்பு வந்தது மிங் வம்சத்துக் காலத்திலாகும். ஏழைக் குடியானவன் மகனாகப் பிறந்து, பிச்சை ஏற்கும் துறவியாகத் திரிந்து, பின்னர் 1368 இல் பேரரசனாகிய சூ யுவான்சாங் இந்நகரையே தலைநகராக்கினான். 1372 ஆம் ஆண்டு விழாவில் அவன் சின்ஹுவாய் ஆற்றிலே பத்தாயிரம் விளக்குகளை மிதக்கவிட்டான் என்று நகரத்தார் இன்றும் பெருமையுடன் கூறுவர்.

அவர்கள் அச்சத்துடன் கூறும் கதையும் ஒன்றுண்டு. விளக்கு விழாவில் விடுகதை போடுவது ஒரு பழைய வழக்கம். நம் ஊர்ப் பாட்டிமார் ‘நொடி’ என்பார்களே, அதுபோன்றது. விடுகதையைக் கடதாசியில் எழுதி விளக்கிலே ஒட்டிவிடுவர். விடை கண்டவருக்குச் சிறு பரிசு கிடைக்கும். ஓர் ஆண்டு பேரரசன் மாறுவேடத்தில் வீதியுலாச் சென்றபோது, ஒரு விளக்கிலே விடுகதை சித்திரமாகத் தீட்டப்பட்டிருந்ததாம். பெரிய பாதங்களையுடைய ஒரு பெண் வத்தகப்பழமொன்றை அணைத்தபடி நிற்கும் சித்திரம் அது. சீன மொழியில் அணைத்தலைக் குறிக்கும் சொல்லையும் அப்பழத்தின் பெயரிலுள்ள முதல் ஒலியையும் சேர்த்தால், பேரரசியார் பிறந்த மாவட்டத்தின் பெயர் வரும். பாதங்களைக் கட்டிக் குறுக்குவதை உயர்குடிப் பெண்கள் மேற்கொண்டிருந்த காலத்தில், பேரரசியார் கட்டாத பாதங்களை உடையவர். விடை பேரரசனுக்கு உடனே விளங்கிவிட்டது. மறுநாள் அந்த வீதியார் உயிர் பிழைக்கவில்லை என்று கதை முடிகின்றது. வரலாறாக இதனைக் கொள்ளவேண்டியதில்லை. ஆனால், தம்மை ஆண்டவனைப் பற்றிக் குடிகள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

எல்லா விடுகதைகளும் இத்துணை ஆபத்தானவையல்ல. ஞாயிறும் திங்களும் அருகருகே நின்றால் யாது என்று கேட்பது மிக எளிய வகை. சீன எழுத்தில் ஞாயிற்றின் குறியையும் திங்களின் குறியையும் சேர்த்து எழுதினால் ‘மிங்’ என்றாகும். வெளிச்சம் என்பது அதன் பொருள். அந்த வம்சத்தின் பெயரும் அதுவே. நாஞ்சிங்கில் இக்கலை ஓங்கி வளர்ந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. கன்பூஷியஸ் ஆலயத்துக்கு அருகே பழைய அரசாங்கப் பரீட்சை மண்டபம் இருந்தது. 20,644 சிற்றறைகளைக் கொண்ட அம்மண்டபத்திலே நாள் கணக்கில் அடைபட்டுக் கிடந்து மாணாக்கர் தேர்வெழுதினர். எழுத்தோடு மல்லுக்கட்டுவதே தொழிலாகக் கொண்டோர் நிறைந்த ஊரில் சொற்சிலம்பத்துக்குக் குறைவேது? பரீட்சைக் காய்ச்சலில் வாடும் எமது மாணவ நேயர்கள் அந்த அறைகளை எண்ணிச் சிறிது ஆறுதல் கொள்ளலாம். அந்தப் பரீட்சைகள் 1905 இல் ஒழிக்கப்பட்டன.

சூ யுவான்சாங்கின் மகனே யுங்லோ பேரரசன். 1409 ஆம் ஆண்டு முதல் மாதத்தில் இவன் ஓர் ஆணை பிறப்பித்தான். விளக்கு விழாவை முன்னிட்டுப் பதினோராம் நாள் தொடங்கி உத்தியோகத்தர்களுக்குப் பத்து நாள் விடுமுறை. போர்வீரரும் குடிமக்களும் விளக்கேற்றி, மது அருந்தி மகிழலாம். இரவு ஊரடங்கும் தளர்த்தப்படும். விளக்கு விழாவுக்காக இத்துணை நீண்ட விடுமுறை கிடைத்த காலம் சீன வரலாற்றிலே அரிது. இன்று அந்நாட்டில் விளக்கு விழா நாள் அரசாங்க விடுமுறை கூட அன்று. கந்தோர் முடிந்த பின்னரே மக்கள் விளக்குப் பார்க்கச் செல்லுகின்றனர்.

இந்த 1409 என்னும் ஆண்டினை இலங்கைத் தமிழர் நினைவில் வைத்திருக்கவேண்டும். கொழும்பு நூதனசாலையிலே மும்மொழிக் கல்வெட்டு ஒன்று உண்டு. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதப்பட்ட அது, 1911 இல் காலி நகரத்தில் ஒரு மதகின்மேற் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. யுங்லோ பேரரசனின் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொண்டுவந்த கல் அது. அதிலுள்ள சீனத் திகதி, அதே 1409 ஆம் ஆண்டின் இரண்டாம் மாதத்தைக் குறிக்கின்றது. அது பொறிக்கப்பட்ட இடம் நாஞ்சிங் என்பதே அறிஞர் கொள்கை. அதாவது, பத்து நாள் விளக்கு விழா முடிந்து அடுத்த மாதம், அந்நகரத்துச் சிற்பிகள் தமிழ் எழுத்துக்களைக் கல்லிலே செதுக்கியிருக்கின்றனர்! தமிழ் வாசகம் தெவிநுவரையில் எழுந்தருளியிருந்த தென்னாவர நாயனாருக்குக் காணிக்கை செலுத்துவதைக் கூறுகின்றது. புத்தர் பெருமானுக்குச் செலுத்திய காணிக்கைகளைச் சீன வாசகம் நிரல்படுத்துகின்றது. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு வகைகள் என்று செல்லும் அந்நிரலில், பித்தளை விளக்குகள் ஐந்து, மெழுகுதிரிகள் பத்துச் சோடி, நறுமண எண்ணெய் 2,500 சீன நிறை என்பனவும் இடம்பெறுகின்றன. கல்லிலே உளி பிடித்த கைகள் சில நாட்களுக்கு முன் கடதாசி விளக்கைப் பிடித்திருந்தால் அதில் வியப்பில்லை.

முயலும் தாமரையும்

விளக்குகளைப் பற்றிச் சொல்லாமல் நெடுந்தூரம் வந்துவிட்டோம். சின்ஹுவாய் விளக்குகளில் மக்களுக்கு மிக விருப்பமானவை இரண்டு. ஒன்று தாமரை. மற்றது முயல்.

வெசாக் கூடு கட்டிய சிறுவருக்கும், தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே பட்டம் ஏற்றும் இளைஞருக்கும் இவ்விளக்கின் செய்முறை அந்நியமாகத் தோன்றாது. மூங்கிலைப் பிளந்து மெல்லிய சிலாகைகளாகச் சீவவேண்டும். சிலாகை ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்தால் வளைவு கோணிவிடும். வளைத்த சிலாகைகளை ஒன்றோடொன்று பொருத்தி, முறுக்கிய கடதாசி நாடாவினாற் கட்டுவர். பின்னரே கடதாசி ஒட்டுதல். தாமரை விளக்காயின், ஒவ்வோர் இதழுக்கும் வெட்டிய கடதாசியை அடியிலே வெண்மையாகவும் நுனியிலே இளஞ்சிவப்பாகவும் சாயமேற்றி, வரிவரியாகச் சுருக்கம் விழச் செய்வர். அச்சுருக்கமே இதழின் நரம்பு. உள்ளே விளக்கேற்றியதும் நரம்பு தெரியவேண்டும். இதழ் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடத்திலே நிறம் ஆழ்ந்தும், விளிம்பிலே வெளிறியும் தோன்றவேண்டும். நல்ல விளக்குக்கும் வெறும் விளக்குக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான். மழைக்காலத்திலே கடதாசி ஈரம் பிடிக்கும், பசை காயாது. ஆகையால், ஆண்டு முழுவதும் வேலை செய்து, ஒரு மாதத்திலே விற்கவேண்டிய தொழில் இது.

முயல் விளக்கு சிறுவருக்கு உரியது. வெள்ளைக் கடதாசியைக் கீற்றுக் கீற்றாக வெட்டி உடம்பெங்கும் மயிர் போல ஒட்டுவர். அடியிலே நான்கு சிறு சில்லுகள். கழுத்திலே ஒரு கயிறு. வயிற்றுக்குள்ளே மெழுகுதிரியை ஏற்றிக்கொண்டு சிறுவர் அதனை நாய்க்குட்டி போல வீதியில் இழுத்துச் செல்வர். கல்லுப் பதித்த தெருவிலே சில்லு இடறும், முயல் சாயும், தீ பற்றும். அந்த இரவில் முயலைப் பறிகொடுத்து அழுதுகொண்டு வீடு திரும்பாத பழைய தலைமுறைச் சிறுவர் சிலரே இருந்திருப்பர். இன்று மெழுகுதிரியின் இடத்தைப் பற்றரியும் சிறு மின்குமிழும் பிடித்துக்கொண்டன. அழுகை குறைந்துவிட்டது. பெற்றோருக்கு நிம்மதி.

பெண்களுக்கும் விளக்குக்கும் உள்ள உறவு வேறு. புதிதாக மணமுடித்துச் சென்ற மகளுக்குத் தாய் வீட்டார் விளக்கு அனுப்புவது பல வட்டாரங்களில் வழக்கம். விளக்கு என்னும் சொல்லும் ஆண்மகவு என்னும் சொல்லும் தென் சீனக் கிளைமொழிகளில் ஏறக்குறைய ஒரே ஒலியுடையவை; விரைவில் பிள்ளை பிறக்கட்டும் என்பது அதன் கருத்து. தாய் வீட்டுச் சீர் என்பது எந்த நாட்டிலும் ஏதாவதொரு வேண்டுதலைச் சுமந்துகொண்டே வருகின்றது போலும்.

பலகாரத்தையும் சொல்லவேண்டும். ஒட்டுந்தன்மையுள்ள அரிசி மாவினால் உருண்டை பிடித்து, உள்ளே எள்ளும் சீனியும் வைத்து அவிப்பர். எமது மோதகத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம் எனலாம். ஆனால் இதனைக் கொதிநீரில் அவித்து, அந்த நீரோடே கிண்ணத்திற் பரிமாறுவர். தெற்கே மாவைக் குழைத்து, உள்ளீட்டை வைத்துப் பொதிவார்கள். வடக்கே உள்ளீட்டைக் கட்டியாக்கி, நீரில் நனைத்து, உலர்ந்த மாவிலே இட்டு உருட்டி உருட்டிப் பெருக்கவைப்பர். எது சுவையானது என்பதில் வடக்கரும் தெற்கரும் இன்னும் இணங்கவில்லை. நாஞ்சிங்கிலே சிறிய உருண்டைகளைச் செம்பயற்றங்கூழிலே இட்டு, மணமிக்க ஒருவகை மலரைத் தூவி உண்பது வழக்கம். வட்டம் நிறைவுக்கு அடையாளம். குடும்பம் பிரியாமல் ஒன்றாயிருக்க வேண்டும் என்பதற்காகவே உருண்டை.

பெரிதாகும் விழா, சிறிதாகும் தெரு

1937 டிசம்பரில் யப்பானியப் படைகள் நாஞ்சிங்கைக் கைப்பற்றியபோது நகரம் பட்ட துன்பத்தை உலகம் அறியும். கன்பூஷியஸ் ஆலயமும் அப்போது எரிந்தது. பின்னர் 1966 இல் தொடங்கிய கலாசாரப் புரட்சி பழைய விழாக்களையெல்லாம் பகையாகக் கண்டது. 1980 களின் நடுப்பகுதியிலேதான் ஆலயம் மீளக் கட்டப்பட்டு, அதன் வாசலில் விளக்குச் சந்தை மறுபடியும் கூடியது. 2006 இல் சின்ஹுவாய் விளக்கு விழா சீன நாட்டின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2024 டிசம்பரில் சீனப் புத்தாண்டுக் கொண்டாட்டம் முழுவதையும் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

பட்டியல்கள் நல்லவையே. ஆனால், விளக்குக் கட்டும் கைகள் எங்கே வாழ்ந்தன? நகரின் பழைய தென்பகுதியிலே, பிங்ஷி வீதி போன்ற ஒடுங்கிய தெருக்களில், முற்றம் வைத்த பழைய வீடுகளில். மூங்கில் காயவைக்க முற்றம் வேண்டும். கட்டிய கூடுகளை ஆறு மாதம் தொங்கவிட உத்திரம் வேண்டும். அயலிலும் அதே தொழில் நடந்தால்தான் பிள்ளைகள் பார்த்துப் பழகுவர். அந்தத் தெருக்களே புதிய கட்டடங்களுக்காக இடிபடத் தொடங்கின. 2006 இலும் மறுபடி 2009 இலும் நாஞ்சிங் அறிஞர் பலர் ஒன்றுகூடி, பழைய நகரை இடிப்பதை நிறுத்துமாறு பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தனர். மத்திய அரசாங்கத்தின் காது வரை அது எட்டியது. சில பகுதிகள் தப்பின. சில தப்பவில்லை. விழாவைப் பட்டியலில் ஏற்றிய அதே ஆண்டில் அதன் பிறப்பிடத்தைக் காக்க அறிஞர் கையொப்பம் திரட்ட நேர்ந்தமை வேடிக்கையான முரண். பத்தாவது மாடியிலுள்ள ஒரு வீட்டின் விறாந்தையில் முயல் கட்டலாம். நூறு முயல்களை எங்கே தொங்கவிடுவது?

இதற்கிடையே விழாவோ பெருத்துக்கொண்டே போகின்றது. இன்று ஆற்றங்கரையை நிறைக்கும் மாபெரும் உருவ விளக்குகள் இரும்புக் கம்பியினாற் சட்டமிட்டு, துணி போர்த்தி, உள்ளே ஆயிரக்கணக்கான மின்குமிழ்களைக் கொண்டவை. சிச்சுவான் மாகாணத்தின் சிகோங் நகரம் இவ்வகை விளக்குகளுக்குப் பேர்போனது. முன்னர் உப்புக்கும், பின்னர் நிலத்தடியிற் கிடைத்த பிரமாண்டமான விலங்குகளின் எலும்புகளுக்கும் புகழ்பெற்ற அவ்வூர், இப்போது உலகெங்கும் விளக்குகளை ஏற்றுமதி செய்கின்றது. அவை கண்ணைப் பறிப்பவை என்பதை மறுப்பதற்கில்லை. அவற்றைக் குறைகூறுவதும் எமது நோக்கமன்று. 713 ஆம் ஆண்டுச் சக்கரமும் அக்காலத்து மாபெரும் விளக்குத்தானே! எனினும், அவற்றை நின்று பார்க்கலாம், படம் பிடிக்கலாம். கையிலே தூக்கிக்கொண்டு நடக்க இயலாது.

கூட்டம் மற்றொரு கவலை. 2004 பெப்புருவரி 5 ஆம் திகதி, பெய்ஜிங்கின் புறநகரான மியூனில், விளக்கு விழாக் காலத்துச் சனநெரிசலில் ஒரு பாலத்தின்மேல் 37 பேர் மாண்டனர். 2009 பெப்புருவரி 9 ஆம் திகதி, விளக்கு விழா இரவிலே, பெய்ஜிங்கில் திறப்புவிழாக் காணாத உயர்ந்த கட்டடமொன்று வாணவேடிக்கையினால் தீப்பற்றி எரிந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். 2014 ஆம் ஆண்டின் கடைசி இரவில் ஷங்காய் ஆற்றங்கரையில் நெரிசலுண்டாகி 36 பேர் இறந்தனர். அதைத் தொடர்ந்து அந்நகரத்தின் புகழ்பெற்ற யூயுவான் விளக்கு விழா 2015 இல் நடைபெறவில்லை. ஆகவேதான் நாஞ்சிங்கில் இன்று எங்கும் காவலர் வரிசை. நெருங்கிய நாட்களில் மக்கள் ஒருவழிப் பாதையிலேயே செல்லலாம், திரும்ப இயலாது. நின்று நின்று விடுகதை வாசிப்பதற்கு அந்த ஓட்டத்தில் இடமேது என்று முதியோர் முறையிடுகின்றனர். அவர்கள் முறையீடு நியாயமானதே. முப்பத்தேழு குடும்பங்களை நினைத்தால் காவலர் செய்வதும் நியாயமானதே. ஒரு காலத்தில் வட்டாரக் கதவைத் திறந்துவிட்டதனால் உயிர்பெற்ற விழா, இன்று கயிறு கட்டி வழி வகுத்தால்தான் உயிர்ச்சேதமின்றி நடக்கும் என்னும் நிலை வந்துவிட்டது.

2020 ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவியபோது, சீனாவெங்கும் இவ்விழாக்கள் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டு பெப்புருவரி 8 ஆம் திகதி வந்த பௌர்ணமியை மக்கள் தத்தம் வீட்டுச் சாளரத்திலிருந்தே பார்த்தனர். வீட்டிலே விளக்கு இருந்தது. தொலைக்காட்சியிலே கலைநிகழ்ச்சி இருந்தது. சூமா குவாங்கின் மனைவியார் கேட்ட பொருள் மட்டும் இல்லை.

ஆகவே, மீண்டும் வீதி திறந்ததும் மக்கள் திரண்டு வந்தமை வியப்பன்று. இக்கூட்டத்தில் இளைஞர் மிகுதி. மிங் காலத்து ஆடையைப் போன்ற நீண்ட அங்கிகளைத் தைத்து அணிந்து, கையிலே தாமரை விளக்குடன் ஆற்றங்கரையில் உலாவுவது அவர்களிடையே புதிய நாகரிகம். பாடசாலைகளிலே முதிய கைவினைஞர் வந்து சிறுவருக்கு முயல் கட்டக் கற்றுக்கொடுக்கின்றனர். வீதியோரத்தில் ஆலைகளில் வார்த்த பிளாஸ்டிக் விளக்குகளும் மலிவாக விற்கின்றன. பொத்தானை அழுத்தினாற் பாட்டும் பாடும். அவற்றுக்கு அருகிலேயே, ஒரு கம்பிலே வரிசையாகத் தொங்கவிட்ட கடதாசித் தாமரைகளுடன் கைவினைஞரும் நிற்கின்றனர். பிளாஸ்டிக்கை நோக்கிக் கையை நீட்டும் பேரனை இழுத்துக்கொண்டு தாமரைப் பக்கம் திரும்பும் பாட்டனார்களை நம்பியே அந்த வியாபாரம் இதுவரை நடந்துவருகின்றது. அந்தப் பேரன் பாட்டனாகும்போது எந்தப் பக்கம் திரும்புவான் என்பதிலேதான் அத்தொழிலின் ஆயுள் தங்கியிருக்கின்றது.

விழாவுக்கு மறுநாள், அதாவது பதினாறாம் நாள், நாஞ்சிங் மக்கள் நகரின் பழைய மதிலின்மேல் ஏறி நடப்பர். சூ யுவான்சாங் எழுப்பிய அம்மதிலில் ஏறக்குறைய 25 கிலோமீற்றர் இன்னும் நிலைத்து நிற்கின்றது. அதன்மேல் நடந்தால் அவ்வாண்டின் நோய்களெல்லாம் காலடியிலே உதிர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. முன்னாளில் இது பெரும்பாலும் பெண்களின் நடை. இப்போது கந்தோர் உடையுடன் ஆண்களும் நடக்கின்றனர். மதிலின் ஒரு புறத்திலே பழைய ஓட்டுக் கூரைகள், மறு புறத்திலே கண்ணாடி மாளிகைகள். பதினெட்டாம் நாள் விளக்குகளை இறக்குவர். விளக்கு ஏற்றும் பதின்மூன்றாம் நாளில் உருண்டையும், இறக்கும் நாளில் நூடில்ஸும் உண்ணவேண்டும் என்பது அப்பகுதி வழக்கம். முயலின் சில்லைக் கழற்றி, தாமரையின் இதழ்களைத் தூசி படாமற் கடதாசியிற் சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, குடும்பத்தார் நூடில்ஸ் உண்ண அமர்வர்.